ஃப்ளை மீன்பிடி ரீல், லைன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் ராட்ல 5 வெயிட்னு போட்டிருக்கு. 6 நம்பர் லைன் மலிவா கிடைக்குது. போடலாமா?

பதில்: எவ்வளவு தூரம் வீசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃப்ளைக்கு (பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்) எடையே இல்லை எனலாம். லைனின் எடைதான் ராடை வளைத்து அதைக் கொண்டுபோகிறது. நம்பர் என்பது லைனின் முதல் 30 அடி எடை. 5க்கு 140 கிரெயின் (சுமார் 9 கிராம்), 6க்கு 160, 8க்கு 210. சிற்றோடையில் 20 அடி மட்டும் வீசினால் ராடுக்கு வெளியே லைன் குறைவு, அப்போது 6 உதவும். அதே லைனை 50 அடி வீசினால் ராட் தொய்ந்து லூப் (காற்றில் லைன் மடங்கிப் போகும் வளைவு) விரிந்துபோகும். பெட்டியில் 5 என்று போட்டு, 6இன் எடையோடு வரும் லைன்களும் உண்டு. நம்பரை நம்பாதீர்கள், கிரெயினைப் பாருங்கள்.

கேள்வி: ஊட்டிப் பக்கம் டிரௌட்டுக்கு டிஸ்க் டிராக் வேணுமா சார்?

பதில்: வேண்டாம். டிராக் என்பது ஓடும் மீனைத் தடுக்கும் ரீலின் பிரேக். அரைக் கிலோ மீனை லைனைக் கையால் இழுத்தே கரைசேர்க்கலாம். சாதாரண கிளிக் ரீல் (பல்சக்கரம் மட்டும் லேசாகத் தடுக்கும் வகை) வாங்கி, மிச்சத்தை நீரில் மிதக்கும் நல்ல லைனில் போடுங்கள். அனுமதி பற்றி மீன்வளத்துறையில் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில 100 கெஜம் பேக்கிங்னு இருக்கு. சுத்தினா லைன் ஃப்ரேம்ல உரசுது.

பதில்: பேக்கிங் என்பது லைனுக்குப் பின்னால் கட்டும் மெல்லிய நீளக் கயிறு. லைனின் பருமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்தக் கணக்கு உத்தேசம்தான். தலைகீழாகச் சுற்றிப் பாருங்கள். வெற்று ஸ்பூலில் (ரீலின் சுழலும் உருளை) லைனின் முன்முனையை முதலில் சுற்றி, பின்முனையில் பேக்கிங்கை இணைத்து, விளிம்புக்கு 5 மி.மீ. இருக்கும்வரை சுற்றி வெட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, வெட்டிய முனையை ஆர்பர் (ஸ்பூலின் நடுத்தண்டு) முடிச்சால் ஸ்பூலில் கட்டிச் சுற்றினால் அளவு சரியாக நிற்கும். அந்த இடைவெளி கட்டாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் மீன் இருக்கும் அவசரத்தில் லைன் ஒருபக்கமாகக் குவியும், ரீல் சிக்கும். முன்பருத்த லைனைத் திருப்பிச் சுற்றிவிட்டு "வீச்சே வரல" என்று வருபவர்கள் நிறைய. "ரீல் பக்கம்" என்ற சீட்டு ஒட்டிய முனைதான் பேக்கிங்கோடு சேர வேண்டும்.

கேள்வி: அந்தமானில் ஜிடி (ஜயன்ட் டிரெவாலி என்ற பெரிய கடல்மீன்) பிடிக்க 12 வெயிட் ராட். எதில் செலவு செய்வது?

பதில்: இங்கே ரீலில்தான். உப்புநீர் புகாத மூடிய டிஸ்க் டிராக், பெரிய ஆர்பர், 300 கெஜம் ஜெல்ஸ்பன் (மெல்லிய, வலுவான செயற்கை நூல்) பேக்கிங். அதைக் கையுறை போட்டு இறுக்கிச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் மீன் ஓடும்போது மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து அறுந்துவிடும். லைன் வெப்பமண்டல வகையாக இருக்கட்டும். குளிர்நீர் லைன் அந்த வெயிலில் இளகி ராட் வளையங்களில் ஒட்டும். மாலையில் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

கேள்வி: இடதுகைச் சுற்றுக்கு மாத்தினேன். டிராக் பிடிக்கவே மாட்டேங்குது.

பதில்: உள்ளே இருக்கும் ஒருவழி பேரிங்கைத் திருப்பிப் போடவில்லை. அதைத் திருப்பிவிட்டு, லைனையும் பேக்கிங்கையும் முழுசாக அவிழ்த்து எதிர்த்திசையில் சுற்றுங்கள்.