வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் வேனுக்கு என்ன வழி?

வணக்கம். சென்னையில் உங்கள் வாசலருகே யாரோ விட்டுப்போன அந்த வேனை நீங்களே ஆள் வைத்து நகர்த்த வேண்டாம். பழைய இரும்புக் கடைக்காரர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். திருட்டு வண்டியாகவோ வழக்கில் சிக்கியதாகவோ இருந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.

நம்பர் பிளேட்டும் காற்றிறங்கிய சக்கரமும் தெரியும்படி படம் எடுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்குள் மழைநீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்தால் அதையும் அழுத்திச் சொல்லுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.

அப்புறம் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள். பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டுக் கிடக்கும் வண்டியை அகற்ற உத்தரவிட, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிவிடுங்கள். இழுத்துச்செல்லும் செலவு வண்டி உரிமையாளருடையது.