சில்வர் ஃபால்ஸ் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அங்கே இருக்கிற சேலம் ஊரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவில் இருக்கிற சில்வர் ஃபால்ஸ் ஸ்டேட் பார்க் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பத்து அருவிகள் இருக்கிற அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா பருவத்திலும் நடந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, பத்து அருவியையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். முழுச் சுற்று 7.2 மைல். நல்ல நடை பழகியவர்களுக்கு நான்கு மணி நேரம் போதும், நின்று பார்த்துச் சாப்பிட்டுப் போனால் ஐந்து ஆறு ஆகும். சவுத் ஃபால்ஸ் பக்கம் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, ஓடையோடு போய், வடக்கு முனையில் நார்த் ஃபால்ஸ் பார்த்துவிட்டு மேலே ரிம் டிரெயில் வழியாகத் திரும்புவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. ஆனால் ரிம் டிரெயில் நெடுஞ்சாலையை ஒட்டிய காட்டுப் பாதை, அருவிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கடைசி இரண்டு மைல் கொஞ்சம் சலிப்பாக இருக்கும்.

பத்து என்ற எண்ணுக்காக ஓடாதீர்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது நடுச் சுற்று. சவுத் ஃபால்ஸில் இறங்கி மிடில் நார்த் ஃபால்ஸ் வரை போய், வின்டர் டிரெயில் வழியாக மேலே ஏறித் திரும்பினால் சுமார் 5 மைல், ஏழு அருவி கிடைத்துவிடும். நார்த் ஃபால்ஸுக்கும் அப்பர் நார்த் ஃபால்ஸுக்கும் பிறகு வண்டியிலேயே போய், அங்கே தனியாக இருக்கிற நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும். கால் வலி இல்லாமல் ஒன்பது பார்த்த மாதிரி ஆயிற்று. விட்டுப்போவது ட்வின் ஃபால்ஸ் ஒன்றுதான், அது 31 அடி.

கேள்வி: ஜூலையில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிக்கொண்டு போகலாமா, இல்லை வேண்டாமா?

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், பள்ளத்தாக்குக்குள் மட்டும் நெடுந்தூரம் இறக்காதீர்கள். சவுத் ஃபால்ஸ் மேல்பக்கத்திலேயே கல்சுவர் கட்டிய பார்வையிடம் இருக்கிறது, நிறுத்துமிடத்திலிருந்து சமதளத்தில் மெதுவாக நடந்தால் வந்துவிடும். அங்கிருந்து 177 அடி அருவி முழுசாகத் தெரியும். அருவிக்குப் பின்னால் போகிற பாதை சரிவு, இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முட்டி கேட்கும். அப்பா மட்டும் இறங்கட்டும், அம்மா பக்கத்தில் இருக்கிற பழைய மரக்கட்டிட லாட்ஜில் கணப்படுப்பு அருகே உட்காரலாம். 1930களில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு நடத்திய சிசிசி திட்டத்தில் கட்டிய கட்டிடம் அது. உள்ளே இருக்கிற மிர்ட்டில் மர மேசை நாற்காலிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அப்பர் நார்த் ஃபால்ஸ். 65 அடிதான், ஆனால் பாதை ஏறக்குறைய சமம், தூரமும் குறைவு, கூட்டமும் குறைவு. வயதானவர்களோடு போகிறவர்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். லோயர் சவுத் ஃபால்ஸ் பக்கம் மட்டும் கூட்டிப்போக வேண்டாம், நூற்றுக்கும் மேற்பட்ட படிகள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

ஊரிலிருந்து பெற்றோர் வருவது பெரும்பாலும் கோடையில், அருவியில் தண்ணீர் குறைவதும் கோடையில்தான், என்ன செய்ய. இங்கே மழை நவம்பர் முதல் வசந்தம் வரை. ஓடைக்குப் பனிமலை கிடையாது, மழைதான் ஆதாரம். அதனால் ஆகஸ்ட் செப்டம்பரில் பெரிய அருவிகள் மெலிந்துவிடும், வின்டர் ஃபால்ஸ் பேருக்கு ஏற்றபடி குளிர்காலத்து அருவிதான், கோடை முடிவில் பாறை மட்டும் மிஞ்சும்.

எனக்குப் பிடித்தது மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை. தண்ணீரும் நிறைய, பிக்லீஃப் மேப்பிள் மரங்களின் பாசியும் புதுத் தளிரும் சேர்ந்து பள்ளத்தாக்கே பச்சையாக இருக்கும். அக்டோபர் நடுவில் இலை மஞ்சளாகும், அழகுதான், ஆனால் சனி ஞாயிறில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைவீர்கள். வேலைநாளில் காலை ஒன்பதுக்குள் போனால் அந்தப் பிரச்சனையே இல்லை. ஜனவரியில் உறைபனி அடித்தால் அருவிக்குப் பின்னால் போகிற பாதை கண்ணாடி போல ஆகும். தடுப்புக் கட்டி மூடியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: என் மகள் கேட்கிறாள், அருவிக்குப் பின்னால் குகை எப்படி வந்தது? யாராவது வெட்டினார்களா?

அருமையான கேள்வி, அவளிடம் இதைச் சொல்லுங்கள். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆரிகனின் கிழக்குப் பக்கம் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வெள்ளமாக ஓடிவந்தது. அது நூற்றுக்கணக்கான மைல் கடந்து இங்கே வந்து இறுகியதுதான் மேலே இருக்கிற கருங்கல் போன்ற பசால்ட் பாறை. அதற்குக் கீழே இருப்பது பழைய, மென்மையான மண் படிவம். மேல்பாறை தண்ணீரைத் தாங்கும், கீழ்ப்படிவத்தைச் சாரலும் ஈரமும் உறைபனியும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிடும். மேல்பாறை வீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கிற சன்ஷேடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, தண்ணீர் அதன் விளிம்பிலிருந்து தள்ளி விழுகிறது, நாம் உள்ளே நடக்கிறோம்.

இப்படிப் பின்னால் நடக்கக்கூடியவை நான்கு: சவுத், லோயர் சவுத், மிடில் நார்த், நார்த். நார்த் ஃபால்ஸில் மேலே அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், கூரையில் உருண்டையான துளைகள் இருக்கும். அந்தக் குழம்பு வந்தபோது நின்ற மரங்களைச் சுற்றி இறுகி, மரம் எரிந்தும் மட்கியும் போக, அதன் வடிவம் மட்டும் பாறையில் தங்கிவிட்டது. 1.5 கோடி வருஷத்துக்கு முன்னால் இருந்த காட்டின் அடையாளம் தலைக்கு மேலே இருக்கிறது, பாதிப் பேர் செல்ஃபி எடுத்துவிட்டுப் பார்க்காமலே போகிறார்கள், அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கேள்வி: குளிக்கலாமா? குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள்.

அருவிக்கடியில் வேண்டாம். குற்றாலம் நம் மனதில் இருக்கும், புரிகிறது. ஆனால் குற்றாலம் பேரருவியில் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை, நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் குறைந்து பாறையில் வழிந்து வருகிறது. இங்கே 177 அடியிலிருந்து நேராக விழுகிறது, கூடவே கல்லும் கட்டையும் வரலாம், தண்ணீரும் மிகக் குளிர். பாதையை விட்டு இறங்கினால் சரிவில் இருக்கிற பாசியும் பெரணியும் மிதிபட்டு மண் சரியும், மறுபடி வளரப் பல வருஷம் ஆகும். சவுத் ஃபால்ஸ் பகல்நேரப் பூங்காவில், அருவிக்கு மேலே, ஓடையில் குழந்தைகள் விளையாட ஆழம் குறைந்த இடம் உண்டு. கோடையில் அங்கே விடுங்கள்.

கேள்வி: நாய்?

பள்ளத்தாக்குப் பாதையில் அனுமதி இல்லை. ரிம் டிரெயிலில் வாரோடு கூட்டிப்போகலாம். யாராவது ஒருவர் மேலே இருந்து மாற்றி மாற்றிப் போய் வாருங்கள், வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: செலவு எவ்வளவு, சாப்பாடு எப்படி?

நிறுத்தக் கட்டணம் 2025இல் 5 டாலரிலிருந்து 10 ஆக உயர்ந்தது, வேறு மாநிலப் பதிவு வண்டிக்கு 12. ஆளுக்குக் கட்டணம் கிடையாது. லாட்ஜில் சிறிய கஃபே இருக்கிறது, அதை நம்பிப் போகாமல் புளியோதரையோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போங்கள், மேசைகள் நிறைய இருக்கின்றன. மிச்சத்தைப் பறவைக்குப் போடக்கூடாது. பள்ளத்தாக்குக்குள் கடையும் இல்லை, போன் சிக்னலும் பெரும்பாலும் இல்லை, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே பழைய கார்களை அருவியில் தள்ளிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், நிஜமா?

நிஜம். 1920களில் சவுத் ஃபால்ஸ் தனியார் நிலத்தில் இருந்தது, காசு வாங்கிக்கொண்டு பழைய கார்களை விளிம்பிலிருந்து விழவிட்டு வேடிக்கை காட்டினார்கள். 1928இல் ஆல் ஃபாசெட் என்பவர் ஒரு படகில் உட்கார்ந்து அந்த அருவியிலேயே விழுந்தார், காயத்தோடு பிழைத்தார்.

அந்த நிலையிலிருந்து இன்றைய காடு வந்ததற்கு ஜூன் டிரேக் என்கிற சில்வர்டன் புகைப்படக்காரர் முக்கியமான காரணம். அருவிகளைப் படம் எடுத்து எடுத்து, இதைப் பூங்காவாக்குங்கள் என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டார். 1926இல் தேசியப் பூங்காவாக்கக் கோரிக்கை போனபோது, மரம் வெட்டிய அடிக்கட்டைகள் அதிகமாக இருக்கின்றன என்று நிராகரித்தார்கள். 1933இல் மாநிலப் பூங்காவானது. நடுவழியில் 27 அடி உயரத்தில் ஒரு சின்ன அருவி வரும், அதற்கு அவர் பெயர்தான், டிரேக் ஃபால்ஸ். பத்திலேயே சின்னது, அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பையன், என்ன செருப்பு போடுவது? ஸ்ட்ரோலர் போகுமா?

ஸ்ட்ரோலர் கீழே போகாது, படிகளும் சேறும் உண்டு. கைக்குழந்தை என்றால் முதுகில் சுமக்கிற பை. பையனுக்கு அடிப்பக்கம் பிடிமானம் உள்ள ஷூ, மாற்றுக் காலுறை, மழைக்கோட்டு. அருவிக்குப் பின்னால் சாரல் நனைக்கும், மே மாதத்திலும் குளிரும். பாதையில் பல இடத்தில் ஒரு பக்கம் பள்ளம், தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் இல்லை, அதனால் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். ஐந்து வயதுக்கு சவுத், லோயர் சவுத் இரண்டையும் பார்த்து மேப்பிள் ரிட்ஜ் வழியாக ஏறித் திரும்புகிற சின்னச் சுற்று சரியாக இருக்கும், இரண்டரை மைல் போல வரும். கிளம்பும்போது நடக்க முடியாது என்று அழுதால் சவுத் ஃபால்ஸோடு நிறுத்திவிட்டுத் திரும்புங்கள், மிச்சத்தை அடுத்த வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.