ஏழு நாளில் பதினான்கு கணவாய்கள்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்குக் கார் என்றால் உயிர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எத்தனை சிலிண்டர் என்று சொல்லிவிடுவார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளை முன்னிட்டு, அவருக்குத் தெரியாமல், செப்டம்பரில் ஏழு நாள் ஆல்ப்ஸ் பயணம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கார் வாடகைக்கு எடுத்து, நான்கு நாடுகளில் பதினான்கு கணவாய்களைக் கடந்து, நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையிலும் ஒரு சுற்று ஓட்டித் திரும்புவதாக ஏற்பாடு. மொத்தம் 2,400 கிலோமீட்டர். ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊர். எனக்கு ஓட்டத் தெரியாது, வளைவுகளில் தலையும் சுற்றும். திட்டம் சரிதானா?

ம.

அன்புள்ள ம.,

தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். 2,400 கிலோமீட்டரை ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு 340 வருகிறது. நெடுஞ்சாலையில் அது நான்கு மணி நேரம். கொண்டை ஊசி வளைவுகளும் மிதிவண்டிக்காரர்களும் நிறைந்த மலைச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி கிடைத்தாலே பெரிது என்பதால், உங்கள் கணவர் தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருக்க நேரும். கார்ப் பித்துக் கொண்டவருக்கும் ஐந்தாவது மணி நேரத்தில் அது வேலையாகிவிடும். தவிரவும், நல்ல சாலை ஒன்றை முதல்முறை ஓட்டும்போது அடுத்த வளைவு எப்படியிருக்குமோ என்ற கவனத்திலேயே பொழுது போய்விடும். இரண்டாம் முறைதான் ரசிக்க வாய்க்கும். உங்கள் திட்டத்தில் எந்தச் சாலைக்கும் இரண்டாம் முறை இல்லை.

ஆகவே மலையில் இரண்டே ஊர்களில் தங்குங்கள். முதலாவது சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட். அங்கே மூன்று இரவுகள். ஃபுர்கா, கிரிம்செல், சூஸ்டன் ஆகிய மூன்று கணவாய்களும், எல்லாமே 2,000 மீட்டருக்கு மேற்பட்டவை, அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் வட்டமாக அமைந்திருக்கின்றன. ஒருநாள் வலமாகச் சுற்றினால் மறுநாள் இடமாகச் சுற்றலாம். முந்தைய நாளின் ஏற்றமெல்லாம் இறக்கமாகி, அதே சாலை புதிய சாலையாகத் தெரியும். ஒரு மாலை கோட்தார்டு கணவாய்க்குப் போய், கருங்கல் பாவிய பழைய திரெமோலா சாலையில் அதன் 24 வளைவுகளையும் மெதுவாக இறங்கிப் பாருங்கள்.

நான்காம் நாள் ஓபரால்ப், ஃப்ளூயெலா, ஓஃபென் கணவாய்கள் வழியாக இத்தாலியின் பிராட் என்ற ஊருக்குச் செல்லலாம். ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை அங்கேதான் தொடங்குகிறது: 1820களில் போடப்பட்ட சாலை, அந்தப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,757 மீட்டர். என் அபிப்பிராயத்தில் அது ஓட்டுவதைவிடப் படம் எடுப்பதற்கு ஏற்ற சாலை. வளைவுகள் அவ்வளவு குறுகலானவை, பகலில் கூட்டமும் அதிகம். விடியற்காலையில் ஏறி, மறுபக்கம் 2,501 மீட்டர் உயரத்திலுள்ள உம்பிரைல் கணவாய் வழியே சுவிட்சர்லாந்தின் சாந்தா மரியா என்ற ஊருக்கு இறங்கி, பிராட்டுக்கே திரும்பிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருநாள் அச்சாலையை மிதிவண்டிகளுக்கென்றே ஒதுக்கிவிடுவார்கள். தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைப் பொறுத்தவரை, சக்தியைவிட எடையைக் கவனியுங்கள். இவ்வகை வளைவுகளில் சிறிய, எடை குறைந்த, கையால் கியர் மாற்றும் கார் தரும் இன்பத்தைப் பெரிய வண்டி தராது. 2,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். பெரிய வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ‘அல்லது அதற்கு இணையான கார்’ என்றே ஒப்பந்தம் எழுதும் என்பதால், குறிப்பிட்ட கார்தான் வேண்டுமென்றால் அதற்கென உள்ள சிறு நிறுவனங்களை நாடுங்கள். எல்லை தாண்டும் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலை வில்லை (சுங்கம் கட்டியதற்கான அடையாளம்) 40 ஃபிராங்க். ஆஸ்திரியாவுக்குத் தனி வில்லை.

இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பழைய பிரேக் திரவத்தில் ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியாகிவிட்டால் பெடல் வெறுமனே உள்ளே போகும். குறுகிய இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். மூன்று சுரத்தில் ஹாரன் கேட்டால் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து வருகிறது என்று அறிந்து ஒதுங்கிவிடுங்கள்.

தலைசுற்றலுக்கு முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் சாலையைப் பாருங்கள், வரைபடத்தைக் குனிந்து பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தலைசுற்றாதபடி ஓட்டும்படி அவரைக் கேளுங்கள். கார்ப் பிரியருக்கு அதைவிடக் கடினமான பந்தயம் கிடையாது.

நூர்பர்க்ரிங்கை விட்டுவிடுங்கள். 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் வடக்குச் சுற்று என்னும் பாதையில் சாதாரண வாடகைக் காரை ஓட்ட ஒப்பந்தங்கள் இடம் தருவதில்லை. மோதினால் காப்பீடும் கைகொடுக்காது. அது இருப்பதும் மலைகளுக்கு நேரெதிர்த் திசையில். பதிலாக ஆறாம் நாள் ரெஷென் கணவாய் வழியாக ஸ்டுட்கார்ட் திரும்பி, ஏழாம் நாளை மெர்சிடிஸ், போர்ஷே அருங்காட்சியகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அதற்கேற்பப் புறப்படும் நாளைத் தீர்மானியுங்கள்.

ரகசியத்தையும் இப்போதே உடைத்துவிடலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பிக்க அவர்தான் கையெழுத்திட வேண்டும்; எந்தக் கார் என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.