கப்பல் காத்திருக்காது: கிரேக்கத் தொல்லிடங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்தில் கிரேக்கத் துறைமுகங்களில் இறங்குகிறவர்களில் பலர், கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸில் போகாமல் தனியாக வண்டி பேசிக்கொண்டு போக விரும்புகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குக் கப்பல் காலை 6.30-க்கு வருகிறது, மாலை 6-க்குக் கிளம்புகிறது. நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. பழைய கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றை எத்தனை மணிக்கு வைத்துக்கொள்வது? (வாசகி, கோவை)

முதலில் டிக்கெட்டை முடிவு செய்யுங்கள். வண்டி அதற்கப்புறம். 2023 செப்டம்பரிலிருந்து அக்ரோபோலிஸில் நேரம் குறித்த டிக்கெட்தான். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். குறித்த நேரத்துக்கு முன்பின் கால் மணி நேரம்தான் சலுகை. அதைத் தாண்டிப் போனால் டிக்கெட் வீண், பணமும் திரும்பாது. 2025 ஏப்ரல் முதல் பெரியவர்களுக்கு 30 யூரோ. அக்ரோபோலிஸ் உட்பட ஏழு தொல்லிடங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்று பழைய பயணக் குறிப்புகளில் இருப்பது இப்போது கிடையாது. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் அதிகாரபூர்வ இ-டிக்கெட் தளத்தில் வாங்குங்கள். அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் தளங்கள் ஏராளம்.

6.30-க்குக் கப்பல் துறையைத் தொட்டாலும், துறைமுக அனுமதி கிடைத்து நீங்கள் கீழே இறங்க 7 அல்லது 7.15 ஆகிவிடும். பிரேயஸிலிருந்து அக்ரோபோலிஸ் சுமார் 10 கிலோமீட்டர்தான் என்றாலும் காலை நெரிசலில் 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும். 8 மணி டிக்கெட் எடுத்தால் வயிற்றில் புளி கரைக்கும். ஆனால் 9 மணிக்குக் கப்பல் பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கூட்டத்தைக் கொட்டும். நம் பரிந்துரை 8 மணிதான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சிற்றுண்டியைக் கப்பலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் நினைப்பை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். உங்கள் கப்பல் 7-க்கு மேல் வருவதாக இருந்தால் 8 மணியை மறந்துவிடுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். வாயில்கள் இரண்டு. மியூசியம் பக்கம் இருக்கும் தென்கிழக்கு வாயிலில் வரிசை குறைவு, டயோனிசஸ் அரங்கையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் ஏற்றம் நீளம். மேற்கு வாயில்தான் அவருக்குச் சரி. அதற்குக் கீழே வண்டி நிற்கும் இடத்திலிருந்து சிறு ஏற்றம், பிறகு புரோபிலேயா எனும் நுழைவு மண்டபப் படிகள். மேலே கான்கிரீட் நடைபாதை போட்டுவிட்டதால் அதில் நடப்பது எளிது. பாதையை விட்டு விலகினால் சுண்ணாம்புப் பாறை; இரண்டாயிரம் வருடம் கால் பட்டு வழவழப்பானது. மழை பெய்யாத நாளிலும் வழுக்கும். ரப்பர் அடி கொண்ட, பின்பக்கம் மூடிய காலணி கட்டாயம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் நடக்கவே சிரமப்படுகிறவர்களுக்கும் வடக்குப் பக்கப் பாறையில் லிஃப்ட் உண்டு. பலத்த காற்றடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள். எனவே முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள்.

மேலே ஒன்றரை மணி நேரம் போதும். கீழே வந்ததும் அக்ரோபோலிஸ் மியூசியம்: குளிர்சாதனம், லிஃப்ட், உட்கார இடம் எல்லாம் இருக்கிறது. மேல் தளத்தில் பார்த்தெனானின் சிற்பப் பட்டையை, கோயிலில் இருந்த அதே வரிசையில், அதே திசையில் வைத்திருக்கிறார்கள். 160 மீட்டர் பட்டையில் சுமார் 50 மீட்டர்தான் ஏதென்ஸில் மூலமாக இருக்கிறது. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 80 மீட்டர். லண்டனில் இருப்பவற்றுக்கு இங்கே வெள்ளை வெளேரென்ற பிளாஸ்டர் பிரதிகள், அசல் பழுப்பேறியது. நிறத்தைப் பார்த்தே எது போனது, எது மிஞ்சியது என்று கண்டுகொள்ளலாம். எரெக்தியன் கோயிலின் முகமண்டபத்தைத் தாங்கும் பெண் சிலைகளும் அப்படித்தான்: மலைமேல் நிற்பவை நகல்கள், அசலில் ஐந்து இந்த மியூசியத்தில், ஒன்று லண்டனில்.

ஜூலை, ஆகஸ்டில் வருகிறீர்கள் என்றால் இன்னொன்று. வெப்ப அலை அறிவித்தால் நண்பகல் 12 முதல் 5 வரை அக்ரோபோலிஸை மூடிவிடுகிறார்கள். 2023 முதல் ஒவ்வொரு கோடையிலும் இது நடந்திருக்கிறது. மதியத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமல்ல.

வண்டி பேசியபோது ‘இங்கிலீஷ் பேசும் டிரைவர், எல்லாம் விளக்குவார்’ என்றார்கள். தனியாகக் கைடு வேண்டுமா? (வாசகர், திருச்சி)

தனியார் சுற்றுலாவில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இத்தனைக்கும் யாரும் பொய் சொல்வதில்லை. கிரேக்கச் சட்டப்படி தொல்லியல் தளங்களுக்குள்ளும் மியூசியங்களுக்குள்ளும் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டுமே அனுமதி. டிரைவர் வண்டியில் வரும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வாயிலில் இறக்கிவிட்டு, ‘ஒன்றரை மணி நேரத்தில் இதே இடம்’ என்று சொல்லிவிட்டு நின்றுகொள்வார். உள்ளே போனதும் நீங்களும் கற்களும்தான்.

ஆகவே விலை கேட்கும்போது மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: வண்டிக்கு எவ்வளவு, உரிமம் பெற்ற கைடுக்கு எவ்வளவு, நுழைவுச்சீட்டு யார் பொறுப்பு. ‘எல்லாம் சேர்த்து’ என்ற பதிலை ஏற்காதீர்கள். கைடு கட்டணம் குழுவுக்குத்தான், தலைக்கு இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்தால் தாங்கும். அக்ரோபோலிஸில் நல்ல புத்தகம் படித்துவிட்டுப் போனால் கைடு இல்லாமலும் ஒப்பேற்றலாம், கட்டடங்கள் நிற்கின்றன. பழைய ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியாவிலும் டெலோஸ் தீவிலும் பெரும்பாலும் முழங்கால் உயர அடித்தளங்கள்தான். அங்கே கைடுக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

பிரேயஸில் பத்தரை மணி நேரம் நிற்கிறோம். டெல்ஃபி போய் வர முடியுமா? (வாசகர், மதுரை)

கணக்குப் போட்டால் முடியும், போகக் கூடாது. அப்போலோவின் குறிசொல்லும் தலமாக இருந்த டெல்ஃபி சுமார் 180 கிலோமீட்டர். ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம். போக வர ஐந்து, அங்கே இரண்டரை, சாப்பாடும் கழிப்பறையும் முக்கால். எட்டேகால் ஆயிற்று. கப்பலில் இருந்து இறங்க அரை மணி, கடைசிப் பயணி ஏற வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு அரை மணியாவது முன்னால். மிச்சம் ஒன்றேகால் மணி. திரும்பும்போது ஏதென்ஸின் மாலை நெரிசலுக்கு அது ஒரு கடி. டெல்ஃபிதான் வேண்டுமென்றால் மலையடிவாரத்தில் இருக்கும் இட்டேயா துறைமுகத்தில் நிற்கும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள்; அங்கிருந்து வண்டியில் அரை மணிக்குள் போய்விடலாம்.

ஏதென்ஸை ஏற்கெனவே பார்த்தவர் என்றால் பழைய கொரிந்துவை யோசியுங்கள். சுமார் 80 கிலோமீட்டர், வழியில் 1893-இல் திறந்த கொரிந்துக் கால்வாயின் பாலம். அப்போலோ கோயிலின் ஏழு தூண்கள் இன்னும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே கல். கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுல் ரோம ஆளுநர் கல்லியோன் முன் நிறுத்தப்பட்ட நியாயாசனம் இதுதான் என்று காட்டும் மேடையும் சந்தைவெளி நடுவில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் வெறும் கல்லாகத் தெரியாது. அரை நாளில் முடிந்துவிடும்.

வண்டி தாமதமானால் கப்பல் நிற்குமா? (வாசகி, சென்னை)

நிற்காது. கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்கள். தனியாகப் போனவர் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில்தான் வந்து சேர வேண்டும். அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். அது கப்பலில் இருந்தால், புறப்படும் முன் கப்பல்காரர்கள் அதைத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். தினசரி நிகழ்ச்சித் தாளில் அந்த முகவரின் எண் அச்சாகியிருக்கும். இறங்குவதற்கு முன் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் ‘கப்பல் புறப்படும் நேரம்’ என்று எழுதாதீர்கள். ‘துறைமுக வாயிலில் இறக்கிவிடும் நேரம்’ என்று எழுதுங்கள், அது கடைசிப் பயணி ஏறும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாக இருக்கட்டும். பிரேயஸில் கப்பல் முனையங்கள் ஏ, பி, சி என ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. எந்த முனையம் என்பதையும் டிரைவரிடம் சொல்லுங்கள். கப்பல் அந்தத் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். காற்றால் இது அடிக்கடி நடக்கிறது.

கட்டகோலோவில் இறங்கி ஒலிம்பியா போக வண்டி பேசுவது அவசியமா? (வாசகர், பெங்களூரு)

இரண்டு பேர் என்றால் அவசியமில்லை. துறைமுகம் சின்னது, கப்பல் வரும் நாளில் ஒலிம்பியா போய்வர பஸ்களும் டாக்சிகளும் வாசலிலேயே நிற்கும். 35 கிலோமீட்டருக்கும் குறைவு, 40 நிமிடம். ஐந்தாறு பேர் என்றால் வேன் மலிவாகிவிடும்.

தளத்துக்கு இரண்டு மணி, மியூசியத்துக்கு ஒரு மணி. வெயில் ஏறும் முன் தளம், பிறகு மியூசியம். கற்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது தெரிந்தால் நடப்பது சுவையாக இருக்கும்: கி.பி. ஆறாம் நூற்றாண்டு நிலநடுக்கங்கள் ஸீயஸ் கோயிலைச் சாய்த்தன, பிறகு ஆற்று வண்டல் மூடிவிட்டது. 1875 முதல் ஜெர்மானியர் முறையாகத் தோண்டினார்கள். தூண்கள் விழுந்தபடியே, வெட்டி அடுக்கிய வாழைக்காய்த் துண்டுகள்போல் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் 2004-இல் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். சிற்பி ஃபீடியஸ் தங்கத்தாலும் தந்தத்தாலும் ஸீயஸ் சிலை செய்த பட்டறையின் சுவர்களைத் தவறவிடாதீர்கள். பிற்காலத்தில் அது தேவாலயமாகிவிட்டது. ஓட்டக்களத்தில் கல் தொடக்கக்கோடு அப்படியே இருக்கிறது, ஓட்டத்தூரம் 192 மீட்டர். எல்லோரும் ஓடிப் பார்க்கிறார்கள், ஓடலாம்.

மியூசியத்தில் கோயிலின் இரண்டு முகப்புச் சிற்பத் தொகுதிகளும் ஒரே கூடத்தில் எதிரெதிரே இருக்கின்றன. பலர் ஹெர்மஸ் சிலையைத் தேடி ஓடி, இந்தக் கூடத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். இதற்கே அரை மணி ஒதுக்குங்கள்.

சாண்டோரினித் தீவில் டிரைவர் எங்கே காத்திருப்பார்? அக்ரோத்திரி பார்க்க வேண்டும். (வாசகி, சிங்கப்பூர்)

கப்பல் கரையை ஒட்டாமல் கடலில் தள்ளி நிற்கும். சிறு படகு உங்களைப் பாறையடியில் இருக்கும் பழைய துறைமுகத்தில் விடும். அங்கே கார் வராது. மேலே ஃபீரா ஊருக்கு கேபிள் கார், அல்லது ஏறக்குறைய 600 படிகள். சந்திக்கும் இடம் ‘கேபிள் காரின் மேல் வாசல்’ என்று எழுதி வாங்குங்கள். கப்பல் நிறுவனச் சுற்றுலாக்காரர்களுக்கே முதல் படகுகள் போகும். மூன்று நான்கு கப்பல் ஒன்றாக நிற்கும் நாளில் கேபிள் காருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேரும், இறங்கும்போதும் அதே கதை. பல டிரைவர்கள் காத்திருப்புக்கு மணிக்கணக்கில் வாங்குவார்கள், முதலிலேயே பேசிவிடுங்கள்.

அக்ரோத்திரி முழுவதும் கூரைக்குள் இருக்கிறது, வெயில் பயமில்லை. எரிமலைச் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால ஊர். மாடி வீடுகள், சேமிப்புத் தாழிகள் எல்லாம் உண்டு. சுவரோவியங்கள் மட்டும் அங்கே இல்லை, ஃபீரா மியூசியத்திலும் ஏதென்ஸிலும்தான்.

மைக்கோனோஸ் தீவிலிருந்து டெலோஸுக்குத் தனிப் படகு? (வாசகர், யாழ்ப்பாணம்)

பணம் இருந்தால் பேசலாம். ஆனால் தீவின் திறப்பு நேரத்தைத் தனிப் படகு மாற்றாது, இரவு தங்கவும் யாருக்கும் அனுமதியில்லை. உங்கள் கப்பல் மைக்கோனோஸுக்கு மதியம்தான் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். காலையில் வந்தால் பழைய துறைமுகத்திலிருந்து கிளம்பும் பொதுப் படகே போதும், அரை மணிக்குச் சற்று மேல். தீவில் மூன்று மணி நேரம். நிழல் கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று வீசினால் படகுகள் ரத்தாகும். அதனால் முன்பணம் குறைவாகக் கொடுங்கள்.

எங்கள் கப்பல் நடுவில் துருக்கியின் குஷாதாசிக்கும் போகிறது. விசா? எபேசு எப்படிப் பார்ப்பது? (வாசகர், நாகர்கோவில்)

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். குஷாதாசியில் நிற்கும்போது ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி, அடுத்த கிரேக்கத் தீவில் மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் சிக்கல் கப்பல் ஏறும் கவுண்டரிலேயே தொடங்கும். துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எபேசு துறைமுகத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அயோனியக் கிரேக்கர்களின் ஊர், இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி ரோமானியர் காலத்தது. மேல் வாயிலில் இறங்கி, சரிவில் நடந்து, கீழ் வாயிலில் வண்டி ஏறுங்கள். டிரைவர் அதற்குள் சுற்றி வந்துவிடுவார். செல்சஸ் நூலகத்துக்கு அருகே கூரையிட்ட மாடி வீடுகளுக்குத் தனி டிக்கெட். காசு பார்க்காமல் எடுங்கள், தரைச் சித்திரமும் சுவரோவியமும் அங்கேதான். பவுலின் போதனைக்கு எதிராகத் தெமேத்திரியு என்ற தட்டான் கிளப்பிய கலகத்தில் கூட்டம் ஓடிப்போய்க் கூடிய அரங்கம் கீழ்க்கோடியில் இருக்கிறது. முன்பதிவிலேயே ‘கம்பளக் கடை, தோல் கடை வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒரு மணி நேரம் தேநீரோடு கரையும்.

தளங்களில் என்னென்ன செய்யக் கூடாது? (வாசகி, சேலம்)

சிறு கல், ஓட்டுச் சில்லு எதையும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். குதிகால் உயர்ந்த செருப்புக்குத் தடை. மியூசியத்தில் ஃபிளாஷ் கூடாது. சிலைபோலவே நின்று போஸ் கொடுத்தாலும் காவலர் விசிலடிப்பார்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகர், ஈரோடு)

தாராளமாக. அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடமிளகாயும் ‘கெமிஸ்டா’, பெரிய வெள்ளை மொச்சை ‘கிகாந்தெஸ்’, கீரைப் பொட்டலம் ‘ஸ்பனகோபிட்டா’. கெமிஸ்டாவில் சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.