நுனி வெட்டினால் தலைமயிர் வளருமா?

கேள்வி: இடுப்பு வரை இருந்த என்ர தலைமயிர் இப்ப நுனியில எலிவால் மாதிரிக் கிடக்குது. கிளிநொச்சியில ஒரு சலூனில, மாதம் ஒருக்கா அரை அங்குலம் வெட்டினால் வேர் தூண்டப்பட்டு வேகமா வளரும் எண்டு சொல்லினம். ஆறு மாதத்துக்கு வெட்டும் சீரமும் சேர்த்து 18,000 ரூபா முற்பணமாம். கட்டலாமா? — பரந்தன் வாசகி

பதில்: கட்டாதீர்கள், தங்கச்சி.

மயிர் வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையில். வெளியே தெரியும் இழைக்கு உயிரில்லை. வெட்டும்போது நோகாததும் அதனால்தான். நுனியில் கத்தரி பட்டதை வேர் அறிய வழியே இல்லை. தலைமயிர் மாதத்துக்குச் சராசரியாக 1 சென்ரிமீற்றர்தான் வளரும். அரை அங்குலம் என்பது 1.27 சென்ரிமீற்றர். ஆக, ஆறு மாதம் முடிய உங்கள் பின்னல் இப்போதையதைவிடக் கட்டையாகத்தான் நிற்கும். அதற்கு 18,000 ரூபாவா?

ஆனாலும் நுனி வெட்டுவது வீண் வேலையில்லை. பின்னலின் நுனியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். இழை இரண்டாகப் பிரிந்திருந்தால் அந்த வெடிப்பு மேலே ஏறி, இடையில் முறியும். வேரில் வளர வளர நுனியில் முறிந்துகொண்டே போவதால்தான் 'வளரவே இல்லை' என்று தோன்றுகிறது. வெடித்த பகுதிக்குக் கொஞ்சம் மேலே வெட்டிவிட்டால் முறிவு குறையும், நுனியும் அடர்த்தியாகத் தெரியும். வெடிப்புக் கண்டால் மட்டும் வெட்டினால் போதும். அக்காவோ மச்சாளோ கூரான கத்தரியால் வீட்டிலேயே வெட்டிவிடலாம்.

சீரம் போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் டைமெதிக்கோன் போன்ற சிலிக்கோன் இருக்கும். அது இழைக்கு மேல் பூச்சாகப் படிந்து மினுக்கும், சிக்கைக் குறைக்கும். வெடித்ததை ஒட்டவைக்காது, வேருக்கும் ஒன்றும் செய்யாது.

சீப்பில் வரும் மயிரையும் ஒருக்கால் உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு கழன்றது, இல்லையென்றால் முறிந்தது. நாளுக்கு 50 முதல் 100 வரை கழல்வது வழமை. திடீரென்று கூடினால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் பிள்ளைப்பேறோ டெங்குபோலக் கடும் காய்ச்சலோ வந்ததா என்று யோசியுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும்கூடக் காரணமாகலாம். அரச ஆஸ்பத்திரியில் காட்டினால் இரத்தம் சோதித்துப் பார்ப்பார்கள். அதற்குச் சலூனில் மருந்தில்லை.

யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், பற்றுச்சீட்டையும் 'வளரும்' என்று எழுதிய விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். சீட்டே தராத இடத்தில் முற்பணம் வைப்பது, என்னைக் கேட்டால், காசை நந்திக்கடலில் போடுவதுதான்.

கேள்வி: மகளுக்கு ஒரு வயது. மொட்டை அடிச்சால் மயிர் அடர்த்தியா வருமெண்டு அம்மம்மா நிக்கிறா. — ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: நேர்த்தி என்றால் அடியுங்கள், அடர்த்திக்காக வேண்டாம். மழித்தபின் முளைக்கும் மயிரின் முனை மட்டமாக இருப்பதால் தடவும்போது முரடாகத் தெரியும், அவ்வளவே. சவரம் வளர்ச்சியை மாற்றுவதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரட் ட்ரொட்டர் 1928இலேயே காட்டிவிட்டார். அடித்தால் பிளேட் புதியதா என்று பார்த்து, உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள்.