4 ஜிபி ரேம் மடிக்கணினியில் என்விடிஏ (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) இழுக்கிறது, தங்கைக்கு எடுக்கலாமா?

நீங்கள் சொன்ன அந்த 11 அங்குல, 4 ஜிபி மெஷினை எடுக்காதீர்கள். அதே காசுக்குப் பாவித்ததாக இருந்தாலும் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ளதைப் பாருங்கள்.

கடையில் பேச்சு இழுத்ததற்கு என்விடிஏ காரணமாக இருக்காது, அது சின்ன மென்பொருள். 4 ஜிபியில் விண்டோஸ் 11-உம் குரோமும் ஏறினாலே ரேம் முடிந்துவிடும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குத் தங்கையையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். பாவிக்கப் போவது அவர்தான். யூஎஸ்பியில் என்விடிஏ போர்ட்டபிள் பிரதி (நிறுவாமலே ஓடுவது), கையில் ஒரு இயர்போன் (கடைச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது). குரோமில் நீளமான செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்து, எச் விசையைத் தட்டிக்கொண்டே போகட்டும். தட்டியவுடன் அடுத்த தலைப்பு காதில் விழ வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் காத்திருக்க வேண்டி வந்தால் அந்த மெஷின் வேண்டாம். போர்ட்டபிள் திறக்கவே மறுத்தால் விண்டோஸ் எஸ் மோடில் (மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகளை மட்டும் விடும் நிலை) இருக்கலாம். அதிலிருந்து இலவசமாக வெளியேறலாம்.

என்விடிஏ கட்டளைகளுக்காகச் சின்ன விசைப்பலகையில் இன்சேர்ட் விசையைத் தேடி அலைய வேண்டாம். கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக வைத்து, என்விடிஏயில் லேப்டாப் விசைப்பலகை அமைப்பைத் தெரிவுசெய்யுங்கள்.

பாவித்தது எடுத்தால் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேளுங்கள், 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. அப்புறம், பாமினி என்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய பழைய நோட்ஸை எந்த மெஷின் வாங்கினாலும் என்விடிஏ தமிழாக வாசிக்காது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள்.