கையெழுத்து மட்டும் போடும் தம்பிக்கு

கேள்வி: 16 வயதில் கால்பந்து கிளப்பில் சேர்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் 34 வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன். கையில் ஓரளவு பணம் இருக்கிறது. உணவகம் திறப்பதா, சிறுவர்களுக்குப் பயிற்சி மையம் தொடங்குவதா என்று குழப்பம். பண விஷயங்களை ஆரம்பத்திலிருந்தே அண்ணன்தான் பார்க்கிறார்; நான் கையெழுத்து மட்டும் போடுவேன். வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: அதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. ‘கையெழுத்து மட்டும் போடுவேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எதில் போட்டீர்கள்? கடன் பத்திரத்தில் கம்பெனிக்காக மட்டும் போட்டீர்களா, சொந்த ஜாமீனாகவுமா? கம்பெனிக்கு மட்டும் என்றால், தொழில் நொடித்தாலும் போட்ட முதலோடு போகும். ஜாமீன் என்றால் குடியிருக்கும் வீடுவரை வங்கி வரும். எது என்று உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அண்ணனை நம்பாமல் யாரை நம்புவது என்பீர்கள். நம்புங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் 18 வருஷமாக உங்கள் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டு நீங்கள் பந்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். நாளைக்கு நஷ்டம் வந்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? அவரைத்தான். அவர் ஒரு காசு தொட்டிருக்க மாட்டார். அதைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டாமா? கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்த தம்பியைவிட நல்ல சாட்சி யார்? கூடப் பிறந்தவர்கள் கோர்ட்டில் எதிரெதிரே நின்ற கதைகள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. பல வீடுகளில் களவே நடக்கவில்லை, கணக்கைத்தான் யாரும் பார்க்கவில்லை. அண்ணனை அந்தப் பழியிலிருந்து காப்பது உங்கள் கடமை.

இங்கிலாந்தின் கால்பந்து ஆட்டக்காரர் டேவ் வீலனுக்கு, அந்நாட்டின் பெரிய கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் 1960 இறுதிப் போட்டியில் கால் முறிந்தது. அப்போது வயது 23. பெரிய ஆட்டமெல்லாம் அதோடு முடிந்தது. சந்தையில் கடை போட்டார், சூப்பர் மார்க்கெட் நடத்தினார், பிறகு ஜேஜேபி விளையாட்டுப் பொருள் கடைகளைப் பெருக்கினார். 1995-ல் விகன் அத்லெட்டிக் கிளப்பையே வாங்கினார். 2013-ல் அந்த அணி அதே எஃப்.ஏ. கோப்பையை வென்றது. சந்தையில் சில்லறை எண்ணிப் பழகியவரைக் கணக்கில் ஏமாற்ற முடியுமா?

கையெழுத்தின் மதிப்பு தெரிய வேண்டுமானால் டேவிட் பெக்காமைப் பாருங்கள். 2007-ல் அமெரிக்கக் கால்பந்து லீகில் ஆட ஒப்பந்தம் போட்டபோதே, பின்னாளில் அந்த லீகில் ஓர் அணியை 2.5 கோடி டாலருக்கு வாங்கும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார். இன்டர் மயாமி அணி அந்த ஒரு ஷரத்திலிருந்து வந்ததுதான். அவருக்கு நல்ல ஆலோசகர்கள் இருந்தார்கள், சரி. உங்களுக்கும் அண்ணன் இருக்கிறாரே! எதில் கையெழுத்திடுகிறோம் என்பது பெக்காமுக்குத் தெரிந்திருந்தது.

உணவகம் வேண்டாம். சமையலறையில் எவ்வளவு வீணாகிறது என்பதையும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். பயிற்சி மையத்திலாவது, சொல்லித்தருபவர் சரியாகச் சொல்லித்தருகிறாரா என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் போங்கள், மனைவியோடு. ஜாமீனில் போகக்கூடிய வீடு உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். வங்கிக் கணக்கு, வரி பாக்கி, கடன் பத்திரம் எல்லாவற்றையும் கேளுங்கள். அண்ணன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முழுக்கப் படித்து முடிக்கும்வரை எந்தக் காகிதத்திலும் பேனாவை வைக்காதீர்கள்.